வின்ச் பேரிங் ஸ்டாண்டு: கிரே அயர்னா, எஸ்.ஜி. அயர்னா, பிளேட் வெல்டிங்கா?

ஒரே டிராயிங்கை ஃபவுண்டரிக்கு ஒரு காப்பி, வெல்டிங் பட்டறைக்கு ஒரு காப்பி என்று அனுப்பி, எது மலிவு என்று பார்ப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அப்படி வரும் விலைகளை ஒப்பிட்டுப் பயனில்லை. பிளேட்டை வெட்டி ஒட்டுவதற்காக வரைந்த உருவத்தை அப்படியே வார்த்தால் மூலைகளில் குழி விழும். வார்ப்புக்காக வரைந்த வளைவுகளை வெல்டர் பிளேட்டில் கொண்டுவர முயன்றால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு), எஸ்.ஜி. அயர்ன் (உடையாமல் கொஞ்சம் நீளும் வார்ப்பிரும்பு), எம்.எஸ். பிளேட் (சாதாரண எஃகுத் தகடு) மூன்றும் ஒரே பாகத்துக்கு மூன்று விதமான உருவம் கேட்கும். மூன்றையும் தனித்தனியாக வரைந்த பிறகு விலை கேட்பதுதான் சரி. வரையும்போதே பாதி முடிவு தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு பாகத்தை வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர் துறைமுகத்து இழுவைப் படகில், வலையை இழுக்கும் வின்ச்சின் தண்டைத் தாங்கும் பேரிங் ஸ்டாண்டு. தண்டு 60 மி.மீ. பேரிங் 22212, வெளிவிட்டம் 110, அகலம் 28. அடித்தட்டு 300 × 100, தடிமன் 20. அடியிலிருந்து தண்டு மையம் 150 உயரம். பேரிங் உட்காரும் வளையமான பாஸின் வெளிவிட்டம் 150, அகலம் 60. பாஸையும் அடித்தட்டையும் இணைக்கும் நடுச்சுவர் 12 மி.மீ. தடிமன், அடியில் 130 அகலம். மூலைக்கு ஒன்றாக நான்கு எம்16 போல்ட். நீளவாக்கில் போல்ட் மையங்களுக்கு நடுவே 240. வார்ப்பாக எடுத்தால் முடிந்த எடை 9 கிலோ சுமாருக்கு வரும்.

அழுத்துகிறதா, பிய்க்கிறதா

முதல் கேள்வி விலையல்ல, சுமை எந்தத் திசையில் வருகிறது என்பது. கிரே அயர்னுக்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கும். அழுத்தும்போது செதில்களால் தொந்தரவில்லை. இழுக்கும்போது ஒவ்வொரு செதிலின் ஓரமும் விரிசல் தொடங்கும் இடம். அதனால்தான் கிரே அயர்ன் அழுத்தத்தைத் தாங்கும் அளவு, இழுவையைத் தாங்கும் அளவைப்போல மூன்று நான்கு மடங்கு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 210-இல் எஃப்.ஜி. 200 என்ற தரம் என்றால், தனியாக வார்த்த 30 மி.மீ. சோதனைக் கம்பி ஒரு சதுர மி.மீ.க்கு 200 நியூட்டன் இழுவையில் அறும். அறுவதற்கு முன் வளைந்து எச்சரிக்காது. நீட்சி 1 சதவீதம்கூட இல்லை.

எஸ்.ஜி. அயர்னில் கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும். ஐ.எஸ். 1865-இன் 500/7 தரம் 500 நியூட்டனில் அறும், அதற்குள் 7 சதவீதம் நீளும். 320 வரை நிரந்தரமாக வளையாது. எம்.எஸ். பிளேட், அதாவது ஐ.எஸ். 2062 இ250, 250-இல் வளையத் தொடங்கி 410-இல் அறும்.

இப்போது வின்ச்சுக்கு வருவோம். கயிறு கப்பியின் மேல் ஏறிப் போகிறதென்றால் தண்டு மேல்நோக்கி இழுபடும். ஒரு ஸ்டாண்டுக்கு 2 டன், அதாவது சுமார் 20,000 நியூட்டன் என்று வைப்போம். இரண்டு முனையிலும் போல்ட் பிடித்திருக்க, நடுவில் மேலே இழுக்கிறது. போல்ட் மையத்திலிருந்து நடுச்சுவரின் ஓரம் 55 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 10,000 × 55 = 5,50,000 நியூட்டன் மி.மீ. வளைவுத் திருப்பம். 100 × 20 அடித்தட்டின் செக்‌ஷன் மாடுலஸ், அதாவது வளைவை எதிர்க்கும் அளவு, 6,667 கன மி.மீ. வகுத்தால் சதுர மி.மீ.க்கு 82 நியூட்டன். இந்த இழுவை வருவது அடித்தட்டின் மேல் முகத்தில், நடுச்சுவர் வந்து சேரும் மூலையில். அந்த வடிவத்தில் மிக மோசமான இடம் அதுதான்.

எஃப்.ஜி. 200-க்கு 82 என்பது காகிதத்தில் பாதிக்கும் கீழே. ஆனால் வலை அடியில் பாறையிலோ மூழ்கிக் கிடக்கும் எதிலோ மாட்டிக்கொண்டு கயிறு வெட்டி இழுத்தால், இரண்டு மடங்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. 82 இப்போது 164. மூலையின் கூர்மைக்கும் வார்ப்பின் சிறு குறைகளுக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. அடுத்த வெட்டில் ஸ்டாண்டு இரண்டு துண்டு. அதே 164-இல் எஸ்.ஜி. 500/7 பாதி பலத்தில் நிற்கும். எம்.எஸ். பிளேட்டும் தாங்கும், பெரிய மிச்சம் இல்லாமல்.

அதே ஸ்டாண்டில் கயிறு கீழ்நோக்கிப் போனால் கதையே வேறு. சுமை தளத்தை அழுத்தும். அடித்தட்டு முழுதும் தளத்தில் பதிந்திருப்பதால் வளைவு இல்லை. அங்கே எஃப்.ஜி. 200 தாராளம், எஸ்.ஜி.க்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். சர்க்கரை ஆலை கன்வேயரிலும் சிப்காட் ஆலைகளின் பம்பு செட்டிலும் பேரிங் ஸ்டாண்டுகள் பெரும்பாலும் இந்த வகை. அங்கே கிரே அயர்ன் ஸ்டாண்டு பல ஆண்டு உழைப்பதைப் பார்த்துவிட்டு, படகிலும் அதையே கேட்பதில்தான் சிக்கல்.

சின்ன ரிப் போடுவதைவிடப் போடாமலிருப்பது மேல்

82 அதிகமாகத் தெரிகிறது, ஒரு ரிப் (நிமிர்ந்து நிற்கும் தாங்கு பட்டை) போட்டுவிடலாம் என்று தோன்றும். நடுச்சுவரின் ஓரத்திலிருந்து போல்ட்டுகளுக்கு நடுவே அடித்தட்டின் மேல் ஓடும் 10 மி.மீ. தடிமன் ரிப். உயரம் 15 போதும் என்று பலர் வரைவார்கள். கணக்குப் போட்டால் செக்‌ஷன் மாடுலஸ் 6,667-இலிருந்து 4,720-க்கு இறங்குகிறது. இழுவை 82-லிருந்து 117 ஆகிறது! இரும்பைக் கூட்டியதால் பலம் குறைந்தது. ரிப்பின் உச்சி நடுக்கோட்டிலிருந்து தூரம் போய்விட்டது. அந்தத் தூரத்துக்கு ஏற்ற இரும்பு அங்கே இல்லை. அதே ரிப்பை 40 உயரமாக்கினால் மாடுலஸ் 9,333, இழுவை 59. ஆக, ரிப் வைத்தால் உயரமாக வையுங்கள், இல்லையேல் அடித்தட்டை 20-லிருந்து 24 ஆக்குங்கள். பிந்தையதில் இழுவை 57, வார்ப்பவருக்கும் தொல்லையில்லை.

எஸ்.ஜி.யிலும் பிளேட்டிலும் சின்ன ரிப் இதே தவறுதான். ஆனால் அவை கொஞ்சம் வளைந்து பளுவைப் பகிர்ந்துகொள்ளும். கிரே அயர்ன் பகிராது. ரிப்பின் உச்சியில் முடிபோல ஒரு விரிசல் தொடங்கினால் அது அடித்தட்டுக்குள் இறங்கிவிடும். கிரே அயர்னில் ரிப்பை முடிந்தவரை அழுத்தம் வரும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மரத்தளமும் சமமில்லாத அடியும்

சுமை வருமுன்பே ஸ்டாண்டு உடைவதும் உண்டு. மரத்தளம் சமமாக இருக்காது. அடித்தட்டின் நடுவில் ஒரு மி.மீ. மேடு இருந்து, நான்கு எம்16-ஐயும் நீளமான ஸ்பேனரால் இறுக்கினால் அந்த இறுக்கமே கிரே அயர்னை விரிசல் விட வைக்கும். சில சமயம் சத்தம்கூடக் கேட்காது. பெயின்ட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டு, ஒரு மாதம் கழித்துக் கடலில் தெரியும். அடித்தட்டின் அடியில் முழுப்பரப்பையும் தொடவிடாமல், போல்ட் இருக்கும் இரு முனையில் மட்டும் 2 மி.மீ. உயரப் பேட் விட்டு மெஷின் செய்யுங்கள். தளத்தில் ஸ்டீல் பேக்கிங் தட்டு வைத்து, இடைவெளியை எபாக்சி கிரவுட்டால் நிரப்பி, அது இறுகிய பின் போல்ட்டை இறுக்குங்கள். ஆனால் ஒன்று: பேட் வைத்தால் கீழ்நோக்கிய சுமையிலும் நடுவில் வளைவு வந்துவிடும். கிரவுட் முழுதாக நிரம்பாவிட்டால் முன்பு சொன்ன ‘தாராளம்’ பொய்யாகிப்போகும்.

வார்ப்புக்கு வரைவது எப்படி

இந்த ஸ்டாண்டை நடுச்சுவர் படுத்திருக்கும்படி மோல்டு செய்வார்கள். மண் அச்சின் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் பிரியும் பிரிகோடு நடுச்சுவரின் நடுவே, 60 மி.மீ. பாஸ் மேல்பெட்டியில் 30, கீழ்ப்பெட்டியில் 30. 100 அகல அடித்தட்டு மேலே 50, கீழே 50. பேட்டர்னை (மண்ணில் உருவம் பதிக்கும் மர மாதிரியை) மண்ணிலிருந்து உருவ, பிரிகோட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு சுவருக்கும் ஒன்றரை டிகிரி சரிவு தேவை. 50 மி.மீ. ஆழத்துக்கு 1.3 மி.மீ. வரும். டிராயிங்கில் சரிவைக் காட்டாவிட்டால் பேட்டர்ன் செய்பவர் தன் விருப்பத்துக்கு வைப்பார். அவர் கூட்டிக்கொண்டால் எடை கூடும், போல்ட் முகத்தில் வாஷரும் சாய்ந்து உட்காரும். போல்ட் இடத்தில் 32 மி.மீ. விட்டத்துக்கு ஸ்பாட் ஃபேஸ் (வாஷர் உட்கார வட்டமாகச் சமமாக்குவது) என்று எழுதிவிட்டால் இரண்டாவது தொல்லை போகும்.

மெஷினிங்குக்கு விடவேண்டிய இரும்பு எல்லா முகத்துக்கும் ஒன்றல்ல. மேல்பெட்டிப் பக்கம் மண்ணும் கசடும் மிதந்து சேரும் பக்கம். பாஸின் அந்த முகத்துக்கு 5 மி.மீ., கீழ்முகத்துக்கும் அடித்தட்டுக்கும் 3. பேரிங் துளையை 102-க்குக் கோர், அதாவது துளை விடும் மண் உருளை, வைத்து, 110-க்கு போர் செய்யலாம். 18 மி.மீ. போல்ட் துளைகளைக் கோர் வைத்து எடுக்கக் கேட்காதீர்கள். அவ்வளவு சிறிய கோர் உடையும், நகரும், மண் ஒட்டிக்கொள்ளும். டிரில் செய்வது மலிவு.

மூலைகள்தான் வார்ப்பின் உயிர்நாடி. 12 மி.மீ. சுவர் 20 மி.மீ. தட்டில் வந்து சேரும் இடத்தைப் பக்கவாட்டில் வரைந்து, அதற்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 8 மி.மீ. ஃபில்லட் (மூலை வளைவு) கொடுத்தால் வட்டம் 25 மி.மீ. பெரிய வளைவு நல்லது என்று 20 மி.மீ. ஃபில்லட் கொடுத்தால் வட்டம் 31 ஆகிவிடும். 20 மி.மீ. தட்டு உறைந்த பிறகும் அந்த 31 மி.மீ. உருண்டை உருகியே இருக்கும். சுருங்கும்போது நிரப்ப ஆளில்லாமல் உள்ளே பஞ்சுபோல ஓட்டை விழும். ஃபில்லட்டே இல்லாமல் விட்டால் வட்டம் 22-தான், ஆனால் கூர்மூலையில் இழுவை குவியும். மெல்லிய சுவரின் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை ஃபில்லட் என்பது இரண்டுக்கும் நடுவான அளவு. இரண்டு ரிப் குறுக்கே எக்ஸ் போலச் சந்தித்தால் வட்டம் இன்னும் பெருக்கும். ஒன்றைச் சற்றுத் தள்ளி, இரண்டு டி-யாகப் பிரித்துவிட வேண்டும்.

மெல்லிய ஓரமும் ஆபத்து. கிரே அயர்னில் 5, 6 மி.மீ. ஓரங்கள் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாகிவிடும். பட்டறையில் ‘ஹார்டு ஸ்பாட்’ என்பது பெரும்பாலும் இதுதான்; டிரில் அங்கே நின்று கத்தும், நுனி போகும். ஸ்டாண்டு அளவுக்கு 8-க்குக் கீழே எந்த ஓரமும் வேண்டாம். எதிர்ப்பக்கமும் நினைவிருக்கட்டும்: 50 மி.மீ. தடிமன் கட்டியாக வைத்தால், கம்பியில் கிடைத்த 200 அங்கே கிடைக்காது. நாலில் ஒரு பங்கு வரை குறையலாம். பயந்துபோய்த் தடிமனைக் கூட்டுவது கிரே அயர்னில் முழுப் பயன் தராது.

எஸ்.ஜி.க்கு அதே பேட்டர்ன் போதுமா?

அளவுக்குப் போதும். கிரே அயர்ன் சுருக்கம் ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. சுமார், எஸ்.ஜி. அதற்குச் சற்றுக் குறைவு. 300 மி.மீ. பாகத்தில் வித்தியாசம் மெஷினிங்குக்குள் அடங்கிவிடும். வார்ப்பு எஃகுக்கு 20 மி.மீ. என்பதால் அதற்கு இந்த பேட்டர்ன் ஆகாது.

ஆனால் உள்ளே ஊட்டும் முறை மாற வேண்டும். கிரே அயர்ன் உறையும்போது கிராஃபைட் விரிந்து தன் சுருக்கத்தைத் தானே ஓரளவு ஈடுசெய்யும். எஸ்.ஜி.யிலும் விரிவு உண்டு, ஆனால் மண் மோல்டு கெட்டியாக இல்லாவிட்டால் அந்த விரிவு மோல்டு சுவரைத் தள்ளிவிட்டு, உள்ளே ஓட்டையை விட்டுவிடும். நம் ஸ்டாண்டில் பாஸ் சுவர் 24, நடுச்சுவர் 12, அடித்தட்டு 23 (மெஷினிங் சேர்த்து). நடுவில் இருக்கும் 12 முதலில் உறைந்து, இரண்டு பக்கத்தையும் துண்டித்துவிடும். பாஸுக்கு மட்டும் ரைசர் (சுருங்கும்போது உருகிய இரும்பை ஊட்டும் தேக்கம்) வைத்தால் அடித்தட்டுக்கு ஊட்ட வழியில்லை. எஸ்.ஜி. என்றால் நடுச்சுவரை 15 ஆக்கிப் பாஸ் பக்கம் சரிவாகத் தடிக்க விடுங்கள். அல்லது அடித்தட்டுக்கும் தனி ரைசர் கேளுங்கள். 3 மி.மீ. கூடுவதால் எடை 200 கிராம்கூட ஏறாது.

எஸ்.ஜி.யின் இன்னொரு பலவீனம் நேரம். உருகிய இரும்பில் மெக்னீசியம் கலவை சேர்த்தால்தான் கிராஃபைட் உருண்டையாகும்; இரும்பில் 0.035 முதல் 0.05 சதவீதம் மெக்னீசியம் தங்க வேண்டும். அது நிமிடத்துக்கு நிமிடம் ஆவியாகிப் போகும். 10, 15 நிமிடத்துக்குமேல் லேடிலில் (ஊற்றும் கலத்தில்) காத்திருந்த இரும்பை ஊற்றினால் உருண்டைகள் கெட்டுச் செதில்களாகத் திரும்பத் தொடங்கும். பார்வைக்கு ஸ்டாண்டு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது பாதி கிரே அயர்ன். முதல் பெட்டியின் சோதனைத் துண்டைக் காட்டிச் சான்றிதழ் தருவது எளிது. கேட்க வேண்டியது கடைசிப் பெட்டியின் துண்டை. வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல எஸ்.ஜி. மணிபோல ஒலித்து நிற்கும். கிரே அயர்ன் ‘டொக்’கென்று அடங்கும். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்றில்லை. ஆனாலும் பத்தில் ஒன்று தவறிப்போயிருந்தால் காது காட்டிக்கொடுக்கும்.

பிளேட்டில் செய்தால்

பாஸுக்கு 63 மி.மீ. பிளேட்டிலிருந்து கேஸ் கட்டிங்கில் வளையம் எடுத்து, இரு முகமும் மெஷின் செய்தால் 60 கிடைக்கும். நடுச்சுவர் 12 பிளேட், அடித்தட்டு 20. நடுச்சுவரின் இரு பக்கமும் 8 மி.மீ. ஃபில்லட் வெல்டு, முனைகளைச் சுற்றிவந்து மூடியபடி. விட்டு விட்டு அடிக்கும் வெல்டு கடற்கரைக்கு ஆகாது. இடைவெளிக்குள் உப்புநீர் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெட்டி இழுக்கும் சுமைக்கு 7018 வெல்டிங் ராடு. அதையும் 300 முதல் 350 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் காயவைத்து எடுத்து அடிக்க வேண்டும். திறந்த பாக்கெட்டில் நாலு நாள் கிடந்த ராடு நம் கடலோரக் காற்றில் ஈரம் குடித்திருக்கும். வெல்டில் ஹைட்ரஜன் விரிசலுக்கு அதுவே போதும்.

பிளேட்டில் வரும் குறை பலத்தைவிட அளவில்தான் தெரியும். ஒரு பக்கம் முழுதும் அடித்துவிட்டு மறுபக்கம் திரும்பினால் அடித்தட்டு படகுபோல வளையும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறு சிறு துண்டாக அடித்து, 600 முதல் 650 டிகிரியில் சூடாக்கி ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து (உள்ளே தங்கிய இழுவையைத் தணித்து), அதன் பிறகே அடியை மெஷின் செய்து, அடியிலிருந்து 150-க்குத் துளை போட வேண்டும். துளையை முதலில் போட்டுவிட்டு வெல்டு அடிப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அந்தத் துளை வட்டமாக இருக்காது, பேரிங் ஒரு சீசனுக்குள் சூடேறும்.

உப்புக் காற்று

எஸ்.ஜி. என்றால் துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. துருவைப் பொறுத்தவரை கிரே அயர்னும் எஸ்.ஜி.யும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வார்ப்பின் மேல்தோல் மண்ணோடு உரசி உருவானது, கொஞ்சம் தாங்கும். மெஷின் செய்த முகங்களில் துரு உடனே ஏறும். தேவையில்லாத இடத்தில் மெஷின் செய்யாதீர்கள். பிளேட்டுக்கு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) என்ற வழி இருக்கிறது: வெல்டும் ஸ்ட்ரெஸ் ரிலீவும் முடிந்து, துளையின் கடைசி மெஷினிங்குக்கு முன். மூடிய பெட்டி வடிவம் ஏதாவது இருந்தால் காற்றுத் துளை கட்டாயம். உள்ளே சிக்கிய ஈரம் துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும்.

எத்தனை உருப்படி?

ஒரு படகுக்கு இரண்டே ஸ்டாண்டு என்றால் பேட்டர்ன் செய்வதே நஷ்டம். கணக்கைக் காட்ட சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் கொட்டேஷனை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டர்னும் கோர் பாக்ஸும் 18,000 ரூபாய். மெஷினிங் இரும்போடு வார்ப்பு 11 கிலோ. கிரே அயர்ன் கிலோ 110, எஸ்.ஜி. 140. மெஷினிங் முறையே 700, 850. அப்படியானால் கிரே அயர்ன் உருப்படி 1,910, எஸ்.ஜி. 2,390. பிளேட்டில் எல்லாம் சேர்த்து 3,200. பேட்டர்ன் காசு கிரே அயர்னில் 14-ஆவது உருப்படியிலும், எஸ்.ஜி.யில் 23-ஆவது உருப்படியிலும் வந்துவிடுகிறது. பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து எடுத்தால் 20. மூன்று ஸ்பேர் சேர்த்தால் எஸ்.ஜி. பக்கம் தராசு சாயும். ஐந்தாறு உருப்படிதான் என்றால் பிளேட்டோடு நின்றுவிடுவது நல்லது. பேட்டர்னுக்குப் பதில் தெர்மாகோலில் வெட்டி மண்ணில் புதைத்து நேரடியாக வார்ப்பதும் உண்டு. ஒன்றிரண்டுக்குச் சரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் புது தெர்மாகோல், மேற்பரப்பும் சொரசொரப்பு.

மேல்நோக்கி இழுக்கும் வின்ச்சுக்கு இருபத்துமூன்றோ அதற்கு மேலோ என்றால் எஸ்.ஜி. 500/7, குறைவு என்றால் பிளேட். கிரே அயர்ன் எந்த விலைக்கும் வேண்டாம். கீழ்நோக்கி அழுத்தும் இடத்தில், தளம் கான்கிரீட்டாக இருந்தால், கிரே அயர்னை மிஞ்ச ஒன்றுமில்லை.

வேறு பாகங்களுக்கு இதே கணக்கு செல்லாது

லேத், டிரில்லிங் மெஷின் போன்றவற்றின் அடித்தளத்துக்குக் கிரே அயர்ன்தான், யோசிக்கவே வேண்டாம். செதில் கிராஃபைட் அதிர்வைத் தின்றுவிடும், எஸ்.ஜி.யும் ஸ்டீலும் அந்த அளவு தின்னாது. ஆனால் நீளமான அடித்தளத்தை வார்த்த உடன் மெஷின் செய்யக்கூடாது. 550 டிகிரி சுமாரில், 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் வைத்து, 300-க்குக் கீழே வரும்வரை ஃபர்னஸுக்குள்ளேயே ஆறவிட வேண்டும்.

கடல்நீர் பம்பு உறையில் கிரே அயர்னா எஸ்.ஜி.யா என்ற கேள்வியே தவறு. இரண்டிலும் கடல்நீர் இரும்பைத் தின்று கிராஃபைட்டை மட்டும் விட்டுவைக்கும். அளவு மாறாது, பெயின்ட்கூட அப்படியே இருக்கும். கத்தியால் கீறினால் பென்சில் கரிபோல வரும். உள்ளே வெண்கல இம்பெல்லர் இருந்தால் உறை இன்னும் வேகமாகப் போகும். நிக்கல் 20 சதவீதம் சுமார் கலந்த நை-ரெசிஸ்ட் வார்ப்பு, அல்லது முழு வெண்கல உறை என்பதுதான் அங்கே ஒப்பிட வேண்டிய ஜோடி. இறால் குஞ்சுப் பொரிப்பகம் என்றால் வெண்கலமும் வேண்டாம். செம்பு இறால் லார்வாவுக்கு நஞ்சு.

கிரே அயர்ன் வால்வையோ பம்பையோ ஸ்டீல் பைப்போடு சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வார்ப்பு ஃபிளாஞ்சின் முகம் தட்டையாக இருக்கும். எதிரே வரும் ஸ்டீல் ஃபிளாஞ்சில் நடுவில் மேடு இருந்தால், போல்ட் இறுகும்போது வார்ப்பு ஃபிளாஞ்சு வளைந்து காது உடையும். ஸ்டீல் பக்கத்து மேட்டைக் கடைந்து எடுத்துவிட்டு, போல்ட் துளைவரை நிரம்பும் முழுமுக கேஸ்கெட் போட வேண்டும்.

எப்போது ஆர்டர் போடுவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வின்ச் வேலைக்கு அதுதான் நேரம். பேட்டர்னுக்கு இரண்டு வாரம், வார்ப்புக்கு மூன்று வாரம், மெஷினிங்குக்கு ஒரு வாரம் என்று வைத்தால், தடை தொடங்கிய பிறகு ஆர்டர் போட்டு ஒரு பெட்டி தவறினாலும் ஜூன் நடுப்பகுதி கைநழுவும். பிப்ரவரியிலேயே பேட்டர்ன் கொடுத்துவிட வேண்டும். பிளேட்டுக்கு இந்த அவசரம் இல்லை. ஒரு வாரத்தில் முடியும், சீசன் நடுவில் விரிசல் விட்டால் துறைமுகத்திலேயே கெளஜ் செய்து (விரிசலைக் குடைந்தெடுத்து) வெல்டு அடித்துவிடலாம். எஸ்.ஜி.யை நிக்கல் ராடில் ஒட்டலாம்தான், ஆனால் வெல்டை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல ஆகிவிடும். மேல்நோக்கி இழுக்கும் பாகத்தில் அதை நம்பி வலை இறக்கக் கூடாது. ஒரு ஸ்பேரைப் படகில் வைத்திருப்பது உத்தமம்.

ஆர்டர் எழுதும்போது ‘சி.ஐ. ஸ்டாண்டு’, அதாவது வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, என்று மட்டும் எழுதினால் வருவது எந்தத் தரம் என்று சொல்ல முடியாது. ‘எஸ்.ஜி. 500/7, ஐ.எஸ். 1865; கடினம் 170 முதல் 230 பிரினெல்; ஒவ்வொரு லேடிலின் கடைசிப் பெட்டியிலும் சோதனைத் துண்டு, நாடுலாரிட்டி 85 சதவீதத்துக்குக் குறையாமல், மைக்ரோ போட்டோவுடன்; பாஸ் முகத்தில் வெல்டு ரிப்பேர் கூடாது; பேட்டர்னும் கோர் பாக்ஸும் வாங்குபவருடையவை’ என்று எழுதுங்கள். நாடுலாரிட்டி என்பது கிராஃபைட்டில் உருண்டையாக இருக்கும் பங்கு. வார்ப்பு கோயம்புத்தூரிலிருந்து லாரியில் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்கு வருகிறதென்றால், இறக்குமிடத்தைப் ‘புதுச்சேரி மேட்டுப்பாளையம்’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் மேட்டுப்பாளையம் என்றால் ஸ்டாண்டுகள் நீலகிரி அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். மர பேட்டர்னை வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, ஷெல்லாக் பூசி, தரையில் படாமல் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய பேட்டர்ன் அடுத்த ஆண்டு அதே அளவைத் தராது.